எரிகல் பொழிவைப் பார்க்கப் போகிறீர்களா? முதன்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"இன்றிரவு மணிக்கு 100 எரிகற்கள் விழும்" என்று செய்தி வருகிறது. இரவு எட்டரை மணிக்கு ஆசையாக வாசலுக்கு வந்து, தெருவிளக்கின் கீழ் நின்று, ஒரு கண் கைப்பேசியிலும் ஒரு கண் வானத்திலுமாகப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஒன்றையும் காணோம்" என்று கதவைச் சாத்திக்கொள்பவர்கள் ஏராளம். அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. அந்த 100 எந்த வானத்துக்கான எண், எந்த நேரத்துக்கான எண் என்று அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. அதை விளக்கிவிட்டால், முதல் இரவிலேயே நெஞ்சை நிறைக்கும் ஒரு காட்சியோடு வீடு திரும்பலாம். இதைப் பலமுறை கண்ட நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

முதலில், பார்க்கப்போவது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது அதன் பனி ஆவியாகிறது; அதோடு சேர்ந்து தூசியும் மணலும் கழன்று அதன் பாதை நெடுகச் சிதறுகின்றன. பூமி தன் சுற்றில் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே நாட்களில் அந்தத் தூசிப் பாதையைக் கடக்கிறது. பெரும்பாலும் மணல் துகள் முதல் பட்டாணி வரையான அளவுள்ள துணுக்குகள் வளிமண்டலத்தில் பாய்ந்து, சுமார் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்ந்து அழிகின்றன. நாம் காணும் ஒளிக்கோடு அதுதான். பொழிவில் வரும் இந்தத் துணுக்குகள் தரையை எட்டுவதில்லை. பயப்பட ஒன்றும் இல்லை.

எந்தப் பொழிவில் தொடங்குவது?

தயங்காமல் சொல்வேன்: ஜெமினிட்ஸ். டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி உச்சம் அடைவது. மற்ற பொழிவுகள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகே சூடுபிடிக்கும். இதுவோ இரவு ஒன்பது, பத்து மணிக்கே தொடங்கிவிடும். குழந்தைகளை அழைத்துப் போக இதைவிடத் தோதான பொழிவு கிடையாது. இதன் துகள்கள் விநாடிக்கு சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. எரிகல் கணக்கில் இது நிதானமான வேகம், "அதோ!" என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டக்கூட நேரம் இருக்கும். இதன் தாய் வால்நட்சத்திரம் அல்ல, 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபைத்தான் என்ற சிறுகோள் என்பது இன்னொரு வியப்பு.

வட அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட் 12, 13ஐ ஒட்டிய பெர்சீட்ஸ் அடுத்த தேர்வு. ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசி அது. தெற்கே வாழ்பவர்களுக்கு மே 5, 6ஐ ஒட்டிய ஈட்டா அக்வாரிட்ஸ் சிறந்தது. ஹாலி வால்நட்சத்திரத்தின் துகள்கள் அவை. விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் அதற்குரிய பொழுது. ஜனவரி 3, 4இல் வரும் குவாட்ரான்டிட்ஸ் எண்ணிக்கையில் இவற்றோடு போட்டி போடும். ஆனால் அதன் உச்சம் சில மணி நேரமே நீடிக்கும். அந்த நேரம் உங்கள் ஊரில் பகலாக இருந்துவிட்டால் ஏமாற்றம்தான். அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான ஏமாற்றங்கள் வெளியே கிளம்புவதற்கு முன்பே, இங்கேதான் தொடங்குகின்றன.

முதலாவது, தேதி. "உச்சம் ஆகஸ்ட் 12 இரவு" என்றால் 12ஆம் தேதி மாலையில் தொடங்கி 13ஆம் தேதி விடியலில் முடியும் இரவு என்று பொருள். "ஆகஸ்ட் 13 அதிகாலை" என்று எழுதியிருந்தாலும் அதே இரவுதான். இதைக் குழப்பிக்கொண்டு ஒரு நாள் தாமதமாகப் போனவர்கள் பலர். வானியல் அறிவிப்புகள் உச்ச நேரத்தை உலகப் பொது நேரத்தில் தருவதுதான் வழக்கம். அதை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றும்போது தேதியும் மாறக்கூடும். உலக நேரத்தைவிட 8 மணி முந்தியிருக்கும் ஊரில், 20 மணி என்று குறிப்பிட்ட உச்சம் மறுநாள் அதிகாலை 4 மணிக்கு வரும்.

இரண்டாவது, நிலவு. முழுநிலவு வானில் இருந்தால் மங்கலான எரிகற்கள் அனைத்தும் அதன் ஒளியில் கரைந்துபோகும். வளர்பிறை அரைநிலவு நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும் என்பதால் பின்னிரவு உங்களுக்கு மிஞ்சும். தேய்பிறை அரைநிலவோ நள்ளிரவை ஒட்டி உதித்துப் பின்னிரவைக் கெடுக்கும்; அப்போது அது உதிப்பதற்கு முந்தைய பொழுதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நிலவு உதிக்கும், மறையும் நேரத்தைப் பார்க்காமல் திட்டம் போடாதீர்கள்.

மூன்றாவது, அந்த எண். செய்திகளில் வரும் "மணிக்கு 100" என்பதை வானியலாளர்கள் இசட்எச்ஆர் என்பார்கள். எரிகற்கள் புறப்பட்டு வருவதுபோல் தோன்றும் புள்ளி நேர் உச்சியில் இருந்து, வானமும் 6.5 ஒளியளவு கொண்ட நட்சத்திரம் வரை தெரியும் அளவுக்கு இருண்டிருந்தால், ஒரே ஆள் ஒரு மணி நேரத்தில் காணக்கூடிய எண்ணிக்கை அது. (ஒளியளவு எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல் என்று பொருள்.) அதாவது, ஒப்பிடுவதற்காக உருவாக்கிய அளவுகோல். அப்படி ஒரு வானம் அபூர்வமாகவே வாய்க்கும்.

உங்கள் வானத்தில் அது எவ்வளவு ஆகும்? பெர்சீட்ஸை எடுத்துக்கொள்வோம், இசட்எச்ஆர் 100. புறப்பாட்டுப் புள்ளி அடிவானத்துக்கு மேல் 30 பாகை உயரத்தில் இருந்தால் உடனே பாதியாகிவிடும்: 50. வானம் 5ஆம் ஒளியளவு வரைதான் தெரிகிறது என்றால் அந்த 50, ஏறத்தாழ 15 ஆகும். நகர ஓரத்தில் 4ஆம் ஒளியளவு வானம் என்றால் 7. நகரின் நடுவில் இன்னும் குறையும். ஆக, 100 என்று செய்தி சொன்ன இரவில் நீங்கள் மணிக்கு ஏழு பார்த்தால், கணிப்பும் பொய்க்கவில்லை, நீங்களும் எதையும் தவறவிடவில்லை. அதே இரவில் நல்ல இருட்டைத் தேடிப் போயிருந்தால், அந்தப் புள்ளி இன்னும் மேலே ஏறும்வரை காத்திருந்தால், ஏழு என்பது ஐம்பதாகியிருக்கும். இந்த இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

இடம்

நகர வெளிச்சத்திலிருந்து விலகி, நான்கு பக்கமும் திறந்த வெளி வேண்டும். ஒரே ஒரு விளக்குக் கம்பம் கண்ணில் பட்டாலும் அது முழு இரவையும் கெடுக்கும். பகலிலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். தரை எப்படி இருக்கிறது, பள்ளம், புதர் எங்கே, வண்டி எங்கே நிறுத்தலாம், யாருடைய நிலம், அனுமதி வேண்டுமா என்பதெல்லாம் இருட்டில் தெரியாது. நிலாவற்ற வேறொரு இரவில் போய், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் எத்தனை மீன்கள் தெரிகின்றன என்று எண்ணிப்பாருங்கள். ஆறு தெளிவாகத் தெரிந்தால் தொடங்குவதற்கு ஏற்ற வானம். பால்வெளி மண்டலமும் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

தனியாகப் போக வேண்டாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆளில்லாத சாலைதானே என்று எண்ணி ஒருபோதும் அதன் மேல் படுக்காதீர்கள்.

தூரப் பயணம் முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஒரு கட்டடத்தின் நிழல் தெருவிளக்கை மறைக்கும் மூலையைக் கண்டுபிடித்தால், வீட்டு மாடியிலிருந்தே பிரகாசமான எரிகற்களைப் பார்க்கலாம்.

என்னென்ன எடுத்துப் போவது?

தொலைநோக்கி வேண்டாம். எரிகல் எங்கே தோன்றும் என்று முன்கூட்டித் தெரியாது. வானத்தை எவ்வளவு அகலமாகப் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது. அதற்கு வெறுங்கண்ணை மிஞ்சிய கருவி கிடையாது.

சாய்வு நாற்காலி, அது இல்லாவிட்டால் பாயும் தலையணையும் கட்டாயம். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் கால் மணி நேரத்தில் கழுத்து வலி வந்து, ஆர்வமும் போய்விடும். அசையாமல் மணிக்கணக்கில் படுத்திருப்பதால் வெப்பமான ஊரிலும் பின்னிரவில் குளிரும், பனியும் இறங்கும். ஒரு போர்வை கூடுதலாக இருக்கட்டும். தண்ணீர், கொறிக்க ஏதாவது, கொசு விரட்டி இவையும் தேவை. குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டு போங்கள். மல்லாந்து படுத்தபடி எழுதும்போது பந்துமுனைப் பேனாவில் மை இறங்காது.

டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள். மங்கலான சிவப்பு ஒளி இரவுப் பார்வையை அவ்வளவாகக் குலைப்பதில்லை.

கண்ணைப் பழக்குவது

இந்தக் கலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்ததும் கண்ணின் பாவை சில நொடிகளிலேயே விரிந்துவிடும். ஆனால் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் முழுத்திறனை எட்ட 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெளிச்சத்தில் சிதைந்த நிறமி அவற்றுக்குள் மீண்டும் ஊறிவர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. ஒரே ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் பெற்றதில் பெரும்பகுதி போய்விடும். மறுபடியும் காத்திருக்க வேண்டும். எனவே கைப்பேசியை அணைத்துப் பையில் போடுங்கள். இதை நான் வேண்டுகோளாகவே கேட்கிறேன், ஏனென்றால் குழுவில் ஒருவர் திரையைத் திறந்தாலும் பக்கத்தில் இருக்கும் எல்லோருடைய கண்ணும் கெடுகிறது. வண்டியின் உள்விளக்கு, முகப்பு விளக்கு ஆகியவற்றிலும் இதே கவனம் வேண்டும். தேவையான பொருள்களை முன்பே வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் அரை மணி நேரத்தை வீணானதாக நினைக்காதீர்கள். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போவதைப் பாருங்கள். சற்றுமுன் கறுப்பாக இருந்த இடத்தில் பத்து மீன்கள் முளைத்திருக்கும்.

எந்தத் திசையில் பார்ப்பது?

பொழிவின் எரிகற்கள் அனைத்தும் வானத்தில் ஒரே புள்ளியிலிருந்து சிதறி வருவதுபோல் தோன்றும். உண்மையில் அவை இணையான பாதைகளில்தான் வருகின்றன. தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல் தெரிகிறதே, அதே தோற்றம்தான் இதுவும். ஜெமினிட்ஸுக்கு அந்தப் புள்ளி மிதுனத்தில், புனர்பூச நட்சத்திரங்களுக்கு அருகே இருக்கிறது. நவம்பரில் வரும் லியோனிட்ஸ் பொழிவுக்குச் சிம்மத்தில், மகத்துக்குச் சற்று மேலே.

ஆனால் அந்தப் புள்ளியையே உற்றுப் பார்ப்பது புதியவர்கள் செய்யும் தவறு. அதன் அருகே தோன்றுபவை நம்மை நோக்கி வருவதால் குட்டையாக, கண் சிமிட்டலாக மறைந்துவிடும். நீண்டு பாயும் அழகான கோடுகள் சற்றுத் தள்ளித்தான் வரும். கையை நீட்டி மூடிய முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. அப்படி மூன்று நான்கு முட்டி தள்ளி, உங்கள் வானத்தின் மிக இருண்ட பக்கமாக, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவிலிருந்து சற்று மேலே பார்வையை வையுங்கள். எதையும் குறிவைத்துப் பார்க்காமல் தளர்வாகப் பாருங்கள். மங்கிய ஒளியையும் அசைவையும் நேர்ப்பார்வையைவிடக் கண்ணின் ஓரம்தான் நன்றாக உணரும்.

பொதுவாகவே பின்னிரவு ஏன் சிறந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. மாலையில் நாம் பூமியின் பின்புறம் இருக்கிறோம். நள்ளிரவு தாண்டியதும் பூமி விரையும் திசையில் முன்புறத்துக்கு வந்துவிடுகிறோம். மழையில் ஓடும் பேருந்தின் முன்கண்ணாடியில்தானே துளிகள் அதிகம் விழுகின்றன!

காத்திருக்கும் நேரம்

குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு என்றால் இன்னும் நல்லது. எரிகற்கள் கடிகாரம் வைத்துக்கொண்டு வருவதில்லை. பத்து நிமிடம் ஒன்றுமே இருக்காது, பிறகு ஒரே நிமிடத்தில் மூன்று வரும். "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று எழுந்து பாயைச் சுருட்டுபவர் முதுகுக்குப் பின்னால்தான் பெரியது ஒன்று போகும். இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

வானில் நகர்வதெல்லாம் எரிகல் அல்ல. மினுக்கி மினுக்கிச் செல்வது விமானம். ஒரே சீராக, நிதானமாகச் சில நிமிடம் கடப்பது செயற்கைக்கோள். எரிகல் பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். துண்டு துண்டாக உடைந்தபடி அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று மெதுவாக ஊர்ந்து போனால், அநேகமாக விண்வெளியிலிருந்து திரும்பி எரியும் ராக்கெட் பாகமோ பழைய செயற்கைக்கோளோதான். வெள்ளி கோளைவிடப் பிரகாசமான எரிகல்லுக்குத் தீப்பந்து என்று பெயர். சில வேளை அது போனபின்னும் புகை இழைபோல் ஒரு தடம் சில விநாடி ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதைக் கண்டால் உடனே நேரத்தையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிப் பாருங்கள்

வெறுமனே ரசிப்பதும் போதும். ஆனாலும் எண்ணத் தொடங்கியவர்களுக்கு இந்த இரவு வேறொரு ஆழம் கொள்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பன்னாட்டு எரிகல் அமைப்பு 1988 முதல் உலகெங்கும் உள்ள அமெச்சூர்களின் எண்ணிக்கைகளைத் திரட்டி வருகிறது. நமது வெறுங்கண் கணக்கு, ஒரு தூசிப் பாதை எவ்வளவு அடர்த்தியானது என்பதை அறிய இன்றும் உதவுகிறது.

முறை எளிது. தொடங்கிய நேரத்தை எழுதுங்கள். 15 நிமிடக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை என்று கோடு போடுங்கள். வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தாளில் கிறுக்கப் பழகுங்கள். எரிகல்லின் பாதையை மனத்தால் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள்: பொழிவின் புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தால் அது பொழிவைச் சேர்ந்தது, இல்லையென்றால் உதிரி. எந்த இரவிலும், இருண்ட வானத்தில் மணிக்குச் சில உதிரிகள் வரத்தான் செய்யும். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ஒளியளவைத் தெரிந்த மீனோடு ஒப்பிடலாம்: சுவாதி ஏறத்தாழ 0, சித்திரை 1, துருவ நட்சத்திரம் 2. நடுவில் எழுந்து போனால் அந்த நேரத்தைக் கழித்துவிடுங்கள். வானத்தில் எத்தனை பங்கு மேகம், எவ்வளவு மங்கலான மீன் வரை தெரிந்தது என்பதையும் குறியுங்கள். அது இல்லாத எண்ணிக்கையை வேறொருவர் கணக்கோடு ஒப்பிட முடியாது.

ஒரு விதி முக்கியம்: ஒவ்வொருவரும் தான் கண்டதை மட்டும் எண்ண வேண்டும். நான்கு பேர் பார்த்ததைக் கூட்டி ஒரே எண்ணாக எழுதினால் அதற்குப் பயன் இல்லை. ஒன்றும் தெரியாத கட்டத்துக்குச் சுழியம் போடத் தயங்காதீர்கள். சுழியமும் ஓர் அளவீடுதான்.

படம் எடுக்க விரும்புபவர்கள் கேமராவை முக்காலியில் பொருத்தி, அகன்ற லென்ஸில், ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை வைத்து, 15 முதல் 20 விநாடிப் படங்களாகத் தொடர்ந்து எடுக்க விட்டுவிடுங்கள். குவியத்தை முன்னதாகவே ஒரு நட்சத்திரத்தின் மேல் கையால் சரிசெய்து கொள்ளுங்கள். அதற்கு மேல் கேமராவைக் கவனிக்காமல் வானத்தைப் பாருங்கள்.

"இந்த ஆண்டு எரிகல் புயல் வரலாம்" என்று சொன்னால்?

வழக்கமான பொழிவு அல்லாமல், சில ஆண்டுகளில் திடீர்ப் பெருக்கு வரும் என்று கணிப்பார்கள். வால்நட்சத்திரம் ஒவ்வொரு வருகையிலும் தனித்தனித் தூசி இழையை விட்டுப்போகிறது. கோள்களின் ஈர்ப்பு அந்த இழைகளை இழுத்து நகர்த்துகிறது. எந்த ஆண்டு பூமி எந்த இழையைத் தொடும் என்று கணிப்பதே இந்த வேலை.

1833 நவம்பரில் வட அமெரிக்காவில் லியோனிட்ஸ் வானத்தை நிறைத்துப் பொழிந்தது. அதன் தாயான டெம்பல்-டட்டில் வால்நட்சத்திரம் சுமார் 33 ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 1866இலும் பெருக்கு வந்தது. எனவே 1899இல் உலகமே காத்திருந்தது, வரவில்லை. கோள்களின் ஈர்ப்பால் தூசி விலகிப்போயிருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து டேவிட் ஆஷர், ராபர்ட் மெக்நாட் என்ற வானியலாளர்கள் இழைகளைத் தனித்தனியே கணக்கிட்டு, 1999 லியோனிட்ஸ் உச்சத்தைச் சில நிமிட வித்தியாசத்தில் சரியாகச் சொன்னார்கள். 2022 மே இறுதியில், 1995இல் உடைந்த ஒரு வால்நட்சத்திரத்தின் துணுக்குகளால் புயலே வரலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம் என்றார்கள். குறித்த நேரத்தையொட்டி எரிகற்கள் வந்தன. ஆனால் மெதுவாக, பெரும்பாலும் மங்கலாக, மிதமான எண்ணிக்கையில்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: நேரக் கணிப்பை நம்பி அலாரம் வைக்கலாம், எண்ணிக்கைக் கணிப்பை நம்பி மனக்கோட்டை கட்ட வேண்டாம். கணித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கண்ணைப் பழக்கிக்கொண்டு படுத்திருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் இருங்கள். இழை மெல்லியது என்றால் மொத்தப் பெருக்கும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மேகம் மூடிவிட்டால் அடுத்த இரவும் போய்ப் பாருங்கள். பெர்சீட்ஸ் உச்சத்துக்கு ஓரிரு இரவு முன்னும் பின்னும் கணிசமாகவே வரும். ஜெமினிட்ஸ் உச்சத்துக்குப் பிறகு வேகமாகக் குறையும் என்பதால், முந்தைய இரவையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.